மயக்க ஊசி வேணாம்னு சொன்னவ

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் அப்பா அடுத்தவர் கொல்லையில் முந்திரி பொறுக்கிக் கூலி வாங்கினவர். அவருக்குப் பிறந்தவன் கட்டினதைக் கேளுங்கள்.

நிலக்கரி மைன்ஸ் கேட்டுக்கு எதிரே ஷிப்ட்டு ஆட்கள் வண்டி விடுகிற சைக்கிள் ஸ்டாண்டு நான் போட்டது. டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஓடுகிற காம்பவுண்டு சுவரில் பாதி என் ஆட்கள் எழுப்பினது. குள்ளஞ்சாவடி மண்டபத்தை எடுத்த இன்ஜினீயர் தூண் மட்டத்தோடு விட்டுவிட்டு ஓடிப்போனார், மிச்சத்தை முடித்துக் கொடுத்தவன் நான். காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகை ஒன்று இருக்கிறது. மரமெல்லாம் சாய்ந்த அந்தப் பெரிய புயலில் ஊரே கூரை இல்லாமல் நின்றபோது, அதில் ஒரு ஷீட்டுகூட ஆடவில்லை.

கடலூர் ரோட்டில் இருக்கிற இரண்டு மாடி நர்சிங் ஹோமும் என் வேலைதான். மண் சரியில்லை, மாடி தாங்காது என்று படித்தவர்கள் சொன்னார்கள். இன்றைக்கும் நிற்கிறது, போய்ப் பாருங்கள்.

அந்த நர்சிங் ஹோமின் மாடி வராண்டாவில் நான் உட்கார்ந்திருந்த ஒரு காலையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். இதுவரை சொன்னதை எல்லாம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். இதை அப்படிச் சொல்ல வரவில்லை.

நான் போனில் சொல்லச் சொல்ல, சேலத்தில் இருக்கிற என் மகள் கோமதி எழுதி அனுப்புகிறாள். இது பத்திரிகையில் வரலாமா என்று அவளிடம் கேட்டேன். "வரட்டும்பா. ஆனா இதுலயும் உன்னப் பெரிய ஆளாக் காட்டிக்கினு போவாத" என்றாள்.

நான் பெரிய ஆள்தான். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மாடி வராண்டா

அப்போது பலாப்பழ சீசன். யாரோ டாக்டரம்மாவுக்கு என்று ஒரு பழத்தைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து வராண்டா மூலையில் வைத்திருந்தார்கள். டெட்டால் வாசனையும் பலா வாசனையும் ஒன்றாக அடித்தது. இன்றைக்கும் பண்ருட்டிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது பலா வாசனை வந்தால் நான் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

என் சம்சாரம் அஞ்சலைக்கு மாதவிலக்கு நின்று சில வருஷம் ஆகியிருந்தது. நின்றது திரும்பவும் படத் தொடங்கியது. என்னிடம் சொல்லவில்லை. மகளிடம் போனில் சொல்லி, மகள் என்னிடம் சொல்லி, நான் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

கர்ப்பப்பைக்கு உள்ளே இருந்து துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும், அட்மிஷன் எல்லாம் தேவையில்லை, காலையில் வந்தால் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். பல் பிடுங்குகிற மாதிரி ஏதோ ஒன்று என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அங்கே நர்ஸாக இருந்தவள் செல்வி. எங்கள் முத்தாண்டிக்குப்பத்துப் பெண். உள்ளே கூப்பிடும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பெரியம்மா, மயக்க ஊசி போட்டுக்கிறியான்னு டாக்டரம்மா கேக்கச் சொன்னாங்க. போடாமயும் செய்வாங்க, ரெண்டு நிமிஷந்தான்."

அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். உடனே, "வேணாம்" என்றாள்.

"தாங்குவியா?"

"தாங்காம."

நான் சும்மா இருந்திருக்கலாம். "யாருன்னு நெனச்சிக்கினு கேக்கற? மூணு புள்ளையையும் வூட்டுலயே பெத்தவ. அவளுக்கு எதுக்கு ஊசி?" என்றேன். செல்வி சிரித்தாள். அஞ்சலையும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

கதவு சாத்தினார்கள். தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று ஓடியது. உள்ளே இருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

செல்விதான் முதலில் வெளியே வந்தாள். "காண்ட்ராக்டர் ஐயா, பெரியம்மா கில்லாடிங்க. முந்தானைய வாயில வச்சிக்கினு கம்முனு படுத்துக்கினு இருந்தாங்க. நேத்து வந்த அம்மா போட்ட சத்தத்துல கீழ மெடிக்கல்காரரு மாத்திரைய அப்படியே போட்டுட்டு ஓடியாந்தாரு."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கட்டடம் முடிந்து சாவியைக் கையில் கொடுக்கும்போது இருக்குமே, அப்படி இருந்தது.

அஞ்சலை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மேலுதட்டில் வேர்வை. உதட்டுக்கும் முகத்துக்கும் ஒரே நிறம். ஆட்டோவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஸ்பீடு பிரேக்கரில் வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"வலிக்குதாடி?"

"இல்லய்யா."

வீட்டில்தான் அந்த 'யா'. வெளியில் நாலு பேர் முன்னால் எப்போதும் 'ங்க'தான். வண்டிக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்பதால் 'யா' வந்தது. இது முக்கியம், மனசில் வையுங்கள்.

என் கால் தழும்பு

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஏன் அப்படிப் பெருமைப்பட்டேன் என்று உங்களுக்குப் புரிய வேண்டும்.

சித்தாளாக இருந்த வயசில் கம்பி ஒன்று என் பாதத்தில் இறங்கி மேலே வந்தது. கம்பவுண்டர் ஊசியும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் தையல் போட்டார். நான் மேஸ்திரியோடு பேசிக்கொண்டே போட்டுக்கொண்டேன். மறுநாள் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனேன். அந்தத் தழும்பைக் காட்டித்தான் முதல் காண்ட்ராக்டு வாங்கினேன் என்றால் சிரிப்பீர்கள், உண்மை அதுதான். இவன் நிற்பான் என்று காண்ட்ராக்டு கொடுத்த ஆபீசருக்குத் தோன்றியது.

கூலிக்காரர்கள் நாங்கள். வலி என்று உட்கார்ந்தால் அன்றைய சோறு போச்சு. அதனால் தாங்குவதை ஒரு திறமையாக வளர்த்து வைத்திருந்தோம். என் சைட்டில் எவனாவது விரலை நசுக்கிக்கொண்டு கத்தினால், "பொம்பள மாதிரி கத்தாதடா" என்பேன். பொம்பளைகள் எங்கே கத்தினார்கள்? அதை நான் யோசித்ததில்லை.

அஞ்சலை கதையை எல்லா இடத்திலும் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன், சைட்டில் சொன்னேன், சம்பந்தி வீட்டில் விருந்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். "ஊசி வேணாம்னுட்டா. ஒரு முனகல் இல்ல." அவள் பரிமாறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். ரசம் ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

பத்தலை

டெஸ்ட்டு வந்தது. எடுத்த சதை பத்தலையாம். மறுபடியும் எடுக்க வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்றார்கள்.

"இன்னொரு வாட்டி வரச் சொல்றாங்க."

"எடுத்தது போதலியா? கூறு கட்டி விக்கறாங்களா அங்க?"

"ரெண்டு நிமிஷம்டி."

"ரெண்டு நிமிஷந்தான? நீ போயி படுத்துக்கோ. நான் வராண்டாவுல ஒக்காந்துக்கினு இருக்கேன்."

இதையும் நான் டீக்கடையில் சொல்லிச் சிரித்தேன்.

முந்திரி சீசன் முடியட்டும் என்றாள். மாசித் திருவிழா வந்தது. பெரியவன் வீட்டுக் கிருகப்பிரவேசம் வந்தது. "இப்பத்தான் நின்னுபோச்சே, எதுக்குப் போவணும்" என்றாள். நின்றுவிட்டது என்று நானும் நம்பினேன். டாக்டரம்மா ஆள் அனுப்பினார், போனும் பண்ணினார். குறை சொல்ல முடியாது. நானும் அஞ்சலையைக் கிளப்பிப் பார்த்தேன், எனக்குத் தெரிந்த விதத்தில். உறவுக்காரர்கள் முன்னால், "போன வாட்டி ஒரு சத்தம் போடாதவ, இப்ப என்னாடி பயம்?" என்று கேட்பேன்.

பயம் என்று அவள் எந்த வாயால் சொல்வாள்? அவள் பயப்படாதவள் என்று ஊரில் எழுதி ஒட்டாத குறையாக நான் சொல்லி வைத்திருந்தேன்.

அப்படியே அடுத்த பலா சீசன் வந்துவிட்டது.

உளறல்

லீவுக்குக் கோமதி வந்தாள். கொல்லைப்புறத்துக் கொடியில் மற்ற துணிக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டிருந்த துணிகளைப் பார்த்தாள். கறை போகாத துணிகள். வந்து எங்கள் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டாள்.

அஞ்சலை அடுப்படியில் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றேன்.

"போன வாட்டி ரொம்ப வலிச்சிதாம்மா?" என்று கோமதி கேட்டாள்.

அஞ்சலை சுளையைப் பிய்த்தபடியே சொன்னாள். "உசுரு போயி உசுரு வந்துது. அடிவயித்துக்குள்ள கொறடு வச்சித் திருகன மாதிரி."

அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

"ஊசி போட்டுக்கறியான்னு உன்னக் கேக்கவே இல்லியா அவங்க?"

"கேட்டாங்கடி. இவதான் வேணாம்னா" என்றேன் நான்.

"ஏம்மா வேணாம்ன?"

"மயக்கத்துல உளறிடுவாங்க. உனக்குத் தெரியாதா? உங்க சித்தப்பன் உளறினானே."

கோமதியின் சித்தப்பன் என்றால் என் சகலை ஆறுமுகம். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்து வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மயக்கம் தெளியாமல், அவன் அண்ணன் வீட்டில் காணாமல் போன கிடாயைத் தானே பிடித்துக்கொண்டுபோய் விற்றதை வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டான். அண்ணன் அந்த நேரம் பார்த்துப் பார்க்க வந்து நின்றுகொண்டிருந்தான். கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனவன், அதற்கப்புறம் தம்பி வீட்டுப் பக்கம் தலை வைக்கவில்லை. அஞ்சலை அந்தக் கட்டில் பக்கத்தில்தான் இருந்தாள். எங்கள் பக்கத்தில் இதைப் பேசாத வீடு கிடையாது.

"நீ எந்த கிடாய வித்த, உளற்றதுக்கு?" என்று கோமதி கேட்டாள்.

"இந்த ஆளத் திட்டிடுவேன்டி." கத்தியால் என்னைக் காட்டினாள். "அது இவரு கட்டின ஆஸ்பத்திரி. போறப்பவும் வரப்பவும் ஐயா ஐயான்றாங்க. உள்ள நான் படுத்துக்கினு, அடப்பாவி, வெளங்காதவனேன்னு ஆரம்பிச்சிட்டா? இத்தினி வருஷத்துது உள்ள கெடக்குது. ஒண்ணொண்ணா வெளிய வந்துட்டா எவன் நிறுத்தறது? செல்வி நம்ம ஊரு பொண்ணு. பொழுது சாயறதுக்குள்ள ஊரு பூரா தெரிஞ்சிடும். அப்பறம் எந்த மூஞ்சிய வச்சிக்கினு இவரு அங்க போவாரு?"

கோமதி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எம்மா, அது அந்த ஊசியே இல்லம்மா. பல்லு புடுங்கறப்ப போட்டாங்களே, அந்த மாதிரிம்மா. கர்ப்பப்பை வாயில போடுவாங்க. அந்த எடம் மட்டும் மரத்துப்போவும். எனக்கே போட்டிருக்காங்க. நீ முழிச்சிக்கினேதான் இருப்ப. நீயா நெனச்சாத்தான் அப்பாவத் திட்ட முடியும்."

அஞ்சலையின் கை நின்றது. "அப்ப அத எதுக்கு மயக்க ஊசின்றாங்க?"

எங்கள் ஊரில் வலி தெரியாமல் போடுகிற எல்லாவற்றுக்கும் அதுதான் பேர். வயிற்றைக் கிழிக்கும்போது போடுவதும் மயக்க ஊசி, பல்லுக்குப் போடுவதும் மயக்க ஊசி. செல்வியும் அந்தப் பேரைத்தான் சொன்னாள். பொய் சொல்லவில்லை. அஞ்சலையும் அந்தப் பேருக்குத்தான் வேண்டாம் என்றாள்.

கையைத் தூக்கினால்

அந்த வாரமே சேலத்துக்குப் போனோம். கோமதிக்குத் தெரிந்த டாக்டர், சின்ன வயசுப் பெண். அஞ்சலையை எதிரில் உட்கார வைத்துச் சொன்னார்.

"மாத்திரை மட்டும் போட்டுக்கிட்டுச் செய்யலாம், கொஞ்சம் வலிக்கும். மரத்துப்போற ஊசி போட்டும் செய்யலாம். இல்ல, முழுசாத் தூங்க வச்சிட்டுச் செய்யலாம், அதுக்கு வேற ஒரு நாள் வரணும். எது வேணும்மா உங்களுக்கு?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"நீங்க இல்லீங்க ஐயா. அம்மா சொல்லட்டும்."

அஞ்சலை ரொம்ப நேரம் யோசித்தாள். புடவைக் கடையில்கூட அவளுக்கு இவ்வளவு நேரம் யாரும் கொடுத்ததில்லை. நான் கொடுத்ததில்லை. கடைசியில், "மரத்துப்போறது போடுங்க. நான் முழிச்சிக்கினே இருக்கேன்" என்றாள்.

"சரிம்மா. நடுவுல முடியலன்னா கையத் தூக்குங்க, நிறுத்திடுவேன். அப்பறம் வேற மாதிரி வேணும்னாலும் மாத்திக்கலாம்."

செய்துவிட்டு வெளியே வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. தானாக நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"கையத் தூக்கினேன்யா. நிறுத்திட்டாங்க."

அக்கம்பக்கத்தில் ஆள் இருந்தார்கள். 'யா' என்றுதான் சொன்னாள்.

"ரொம்ப வலிச்சிதா?"

"இல்ல. கொஞ்சம் சுருக்குன்னுது, அவ்ளோதான். நிறுத்தறாங்களான்னு பாத்தேன்." சிரித்தாள். "நம்ம ஊரு ஸ்டாப்பிங்ல பஸ்சுக்குக் கை காட்டினா எவன் நிறுத்தறான்? இந்தப் பொண்ணு சட்டுனு நிறுத்திடுச்சி. போதுமா, செய்யவாம்மான்னு கேட்டுது. செய்யும்மான்னேன். அப்பறந்தான் செஞ்சிது."

அந்தச் சிரிப்பு அந்த ஒரு நாள்தான். டெஸ்ட்டும் ஸ்கேனும் வந்தபோது, கேன்சர், கர்ப்பப்பையைத் தாண்டிப் பரவிவிட்டது என்றார்கள். போன வருஷமே பார்த்திருந்தால் கர்ப்பப்பையை எடுத்ததோடு போயிருக்கும் என்று அந்தச் சின்ன டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அஞ்சலையிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவளே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள் என்பது பிறகு எனக்குத் தெரிந்தது.

ஆபரேஷன் ஆனது. புதுச்சேரியில் கரண்டு வைத்தார்கள், ரேடியேஷனைத்தான் சொல்கிறேன். இன்னும் இரண்டு பலா சீசன் இருந்தாள்.

கரண்டு வைக்கப் போன நாட்களில் ஒரு மத்தியானம், வார்டில் யாரும் இல்லை. "உள்ள கெடக்குதுன்னியே, இப்பத் திட்டேன்டி. யாரும் இல்ல" என்றேன்.

யோசித்துப் பார்த்தாள். "இப்ப வரமாட்டேங்குதுய்யா. நீ ரொம்ப நல்லவனா ஆயிட்ட. பழையபடி ஆவு, தன்னால வரும்."

பழையபடி ஆவதற்கு எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அவள் உள்ளே என்னதான் வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது. ராத்திரியில் நானே ஒவ்வொன்றாக யோசித்துப் பார்க்கிறேன். இதற்குத் திட்டியிருப்பாளா, அதற்குத் திட்டியிருப்பாளா என்று. எல்லாமே பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பொன்னாடை

காரியம் முடிந்த பிறகு அந்த நர்சிங் ஹோமுக்குப் போனேன். டாக்டரம்மா எழுந்து நின்று கும்பிட்டார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"நாங்க கேட்டோமேங்க. அவங்கதான் வேணாம்னாங்க" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

"நீங்க கேட்டது ஊசியைங்க. அவ வேணாம்னது உளறிடறதைங்க" என்றேன்.

அவருக்கு உடனே புரியவில்லை. சகலை கதை, கிடாய் கதை, அஞ்சலை கத்தியை நீட்டிக்கொண்டு சொன்னது எல்லாம் சொன்னேன்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட இதை எங்கிட்ட சொன்னதில்லைங்க" என்றார்.

"எப்படிங்க சொல்லுவாங்க? உள்ள இருக்கறது வெளிய வந்துடக் கூடாதுன்னுதான வேணாம்னே சொல்றாங்க."

கொஞ்ச நாள் கழித்துச் செல்வி கடைத்தெருவில் பார்த்துச் சொன்னாள். வருகிற பெண்களிடம் விசாரித்துப் பார்த்தார்களாம். அஞ்சலை மாதிரி இன்னும் நிறையப் பேராம். ஒருத்தி மாமியாரைப் பற்றி வாய் தவறிவிடும் என்று பயந்தாளாம். ஒருத்தி யாரோ ஒருத்தன் பேரைச் சொல்லிவிடுவேன் என்று பயந்தாளாம். "இப்பல்லாம் மயக்க ஊசின்னு நாங்க சொல்றதே இல்லீங்க ஐயா. மரத்துப்போற ஊசி, முழிச்சிக்கினே இருப்பீங்க, உளற மாட்டீங்கன்னு சொல்லிட்டுத்தான் எது வேணும்னு கேக்கறோம். அதுக்கப்பறம் வேணாம்ன்றவங்க கொறஞ்சிட்டாங்க. கூட வந்த ஆம்பளைய எழுந்து வெளிய போவச் சொல்லிட்டுத்தான் கேக்கறோம்."

போன வருஷம் அந்த நர்சிங் ஹோமுக்கு ஆண்டு விழா வைத்தார்கள். பந்தல், மைக், நாற்காலி எல்லாம் தடபுடல். டாக்டரம்மா பேசினார். எங்கள் மருத்துவமனையில் சிறிய சிகிச்சைக்கும் வலி தெரியாத வழிகளைப் பெண்களிடம் விளக்கி, அவர்கள் விருப்பத்தைக் கேட்டே செய்கிறோம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு என்னை மேடைக்குக் கூப்பிட்டு, கட்டடத்தை உறுதியாகக் கட்டிக்கொடுத்தவர் என்று பொன்னாடை போட்டார்கள்.

கட்டடத்துக்குக் கூலி வாங்கியாயிற்று. அதற்குப் பொன்னாடை எதற்கு?

டாக்டரம்மா இதைப் படிப்பார் என்று தெரியும். அதனால் நேராகவே கேட்கிறேன். "உளற மாட்டீங்க" என்று உங்கள் மாடியில் சொல்கிறீர்களே, அதில் என் பங்கு இருக்கிறது. அடுத்த விழாவில் அதை மைக்கில் சொல்ல வேண்டும். அஞ்சலை பேரைச் சொல்ல வேண்டாம், அவளுக்குக் கூச்சம். என் பேரைச் சொல்லுங்கள், முழுப் பேரையும் சொல்லுங்கள். கட்டடம் கட்டினவனுக்கு இதில் என்ன பங்கு என்று கூட்டத்தில் எவனாவது கேட்பான். கேட்கட்டும். திட்டு முழுக்க இந்த ஆளுக்குச் சேர வேண்டியது, அது வெளியே வந்துவிடக் கூடாது என்றுதான் ஒருத்தி அத்தனை வலியையும் பொறுத்துக்கொண்டாள் என்று பதில் சொல்லுங்கள். அது என் பங்கு. அதை வேறு யாருக்கும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.